ஏழாவது ஒயர்

எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கேமரா இருக்கிறது. அதற்குள் ஒன்றுமே கிடையாது. வெறும் கூடு, சிவப்பு விளக்கு ஒன்று மட்டும் மினுக் மினுக்கென்று எரியும். மாட்டியவர் எதிர்வீட்டுக்காரர். கடைகளுக்கும் வீடுகளுக்கும் கேமரா பொருத்துவது அவருக்குத் தொழில். அதனால் கட்டடம் முழுக்க அவருக்குக் கேமராக்காரர் என்றே பெயர். அந்தக் கூடு ஏறிய நாளிலிருந்து படிக்கட்டில் யாரும் துப்புவதில்லை. குப்பைப் பையை அடுத்தவர் வாசலுக்குத் தள்ளிவிடுவதில்லை. மேல்மாடித் தம்பதி சண்டை போட வேண்டுமென்றால்கூட உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இதில் நஷ்டப்பட்டது நான் ஒருத்திதான்.

"மனுஷனுக்கு மனசாட்சியெல்லாம் கிடையாதுங்க," என்று கேமராக்காரர் என்னிடம் ஒருமுறை தத்துவம் பேசினார். "தலைக்கு மேல ஒரு சிவப்பு லைட் எரிஞ்சா போதும்."

அது வெறும் கூடு என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. ஸ்டூல் போட்டுப் பார்த்தேன்.

ஊரையெல்லாம் காலிக் கூட்டால் மிரட்டிய அந்த மனிதர், தம் வீட்டுக்குள் வந்த ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்து மிரண்டுபோன கதைதான் இது.

அவர் மனைவிக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. நல்ல பெண். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு இப்படிப்பட்ட வீடு. போன மாதம் அவள் கடையில் மயங்கி விழுந்தாள். யாரோ ஒருவருடைய வீட்டுப் பத்திரத்தைக் கண்ணாடிமேல் வைத்துப் பொத்தானை அழுத்தியவள், அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டாள். மெஷினுக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது. பத்திரத்தின் ஓரத்தில் இவள் காதும் கம்மலுமாக, பிரதி பிரதியாக வந்து விழுந்ததாம். பத்திரக்காரர் தண்ணீர் தெளிப்பதற்கு முன்னால், "காது விழுந்ததுக்கும் சேர்த்தா காசு?" என்று கேட்டாராம். உலகம் அப்படி.

அதற்கு முன்பும் அவளுக்கு நெஞ்சு படபடவென்று வருவதுண்டு. இரண்டு முறை கண் இருட்டிச் சுவரைப் பிடித்திருக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் வைத்தியர்களுக்கா பஞ்சம்? மாமியார் சொன்னது வாயு. கணவர் சொன்னது, எந்நேரமும் போனைப் பார்ப்பது. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தும் காலையில் வந்து சாயங்காலம் போகிற நாத்தனார் சொன்னது நடிப்பு. எனக்கும் ஒரு கருத்து இருந்தது: மாமியார்தான் காரணம். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் கைகட்டி உட்காருகிற பிள்ளை மாதிரி, அவள் இதயம் அந்த நிமிடத்துக்கு மட்டும் ஒழுங்காக அடித்துக் காட்டியது.

"பார்த்தீங்களா, நார்மல்!" என்றாள் நாத்தனார். மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த மகிழ்ச்சி வேறு ரகம்.

டாக்டர் விடவில்லை. இரண்டு நாள் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு போகிற பெட்டி ஒன்று இருக்கிறது, இதயத்தின் ஒவ்வொரு அடியையும் அது பதிந்துகொண்டே இருக்கும், எப்போதாவது வருகிற கோளாறும் சிக்கிவிடும் என்றார். மாட்டப் போவதற்கு முதல் நாள், கேமராக்காரர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. என் கதவைச் சொல்கிறேன்.

"இதுதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் வரலைன்னா, படபடப்புங்கற பேச்சே இந்த வீட்ல கேக்கக் கூடாது. ஆமா."

அவர் இறங்கிப் போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். ஒட்டுக் கேட்டதற்காகக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அக்கா, எங்கம்மாவும் இப்படித்தான் படபடங்குதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க," என்றாள். "எல்லாரும் வாயுன்னு சொல்லிப் பூண்டு உரிச்சுக் குடுத்தோம். நானும்தான் உரிச்சேன். ஒருநாள் துணி காயப் போட்டுட்டு இருந்தவங்க அப்படியே விழுந்தாங்க. எழுந்திரிக்கவே இல்ல."

கொஞ்சம் திறந்திருந்த என் கதவை முழுசாகத் திறந்தேன். 

மறுநாள் மதியம் பெட்டியோடு வந்தார்கள். அப்போது நான் ஒரு கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். எந்த நேரத்திலும் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒரு கிண்ணம் இருக்கும். அவள் கழுத்தில் ஒரு துணிப்பை, அதற்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர்கள் கிளம்பிச் சட்டைக்குள் போய் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தன. "வழக்கமா என்ன வேலை செய்வீங்களோ அதையே செய்யணுமாம். குளிக்க மட்டும் கூடாது. படபடன்னு வந்தா இந்தப் பொத்தானை அழுத்தணுமாம், அந்த நேரத்தைக் குறிச்சுக்குமாம்," என்று அவள் விளக்கினாள்.

கேமராக்காரர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒயர்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு ஒண்ணு. ஒயர் ஏழு. கணக்கு எங்கயோ இடிக்குதே."

"எங்கடா இடிக்குது?" என்றார் மாமியார்.

"கரன்ட்டுக்கு ரெண்டு, எர்த்துக்கு ஒண்ணு, மேல கீழ பார்க்க மூணு. ஏழாவது எதுக்கு?" குரலைத் தாழ்த்தினார். "ஆடியோ."

"இல்லைங்க, துடிப்பு மட்டும்தான்னு அந்த டெக்னீஷியன் பொண்ணு சொல்லிச்சு," என்றாள் மனைவி.

"சொல்லத்தான் செய்யும். கடைல மைக் வெச்ச கேமரா மாட்டும்போது, கல்லாவுல நிக்கிறவன்கிட்ட 'தம்பி, நீ பேசறதெல்லாம் முதலாளிக்குக் கேக்கும்'னு சொல்லிட்டுத்தான் மாட்டறேனா? இருபது வருஷமா இதே தொழில். எனக்கா காது குத்தறாங்க?" பொத்தானைச் சுட்டிக் காட்டினார். "இது பேசறதுக்கு. அழுத்திப் பிடிச்சுக்கிட்டுப் பேசினா அங்க டாக்டர் மேஜையில கேக்கும். வாட்ச்மேன் வாக்கி டாக்கி மாதிரி."

 ஜன்னலோரம் இருந்த நாத்தனார் எதையோ சொல்ல வாயைத் திறந்தவள், பெட்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மாமியார் மெல்ல எழுந்தார். மருமகள் பக்கத்தில் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் கழுத்துப் பையை நோக்கிக் குனிந்து, செய்தி வாசிக்கிற குரலில் சொன்னார்:

"நான் இவளை மருமகளாவா நினைக்கிறேன்? மகளாத்தான் நினைக்கிறேன்."

கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்தேன். சிரிப்பை எவ்வளவு நேரம்தான் அடக்குவது?

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். கேமராக்காரர் அடுப்படிப் பக்கமே போகாதவர். அன்று சாயங்காலம், "இதோ, நான்தான் டீ போடறேன்! நீ உக்காரு!" என்று பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கக் கத்திவிட்டு உள்ளே போனார். கரண்டியும் பாத்திரமும் பெட்டிக்குக் கேட்க வேண்டுமே என்று தட்டோ தட்டென்று தட்டினார். டீ ஆறித்தான் வந்தது. ஆனால் அது பதிவாகாதல்லவா? மாமியார் பாத்திரம் கழுவும்போது மருமகளைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துக்கொண்டார்; சாட்சி இல்லாமல் வேலை செய்வதில் அவருக்கு என்ன லாபம்? திட்ட முடியாத நாத்தனார் கதிதான் பரிதாபம். அம்மாவும் மகளும் சைகையில் சண்டை போட ஆரம்பித்தார்கள். யார் துணி துவைப்பது என்று ஒரு முழுச் சண்டை, சத்தமே இல்லாமல், கரண்டியும் துடைப்பமும் காற்றில் பறக்க நடந்தது. முடிவில் நாத்தனார் பெட்டி பக்கம் திரும்பி, "நானே துவைக்கிறேன் தங்கம்," என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு, வாளியை உதைத்துக்கொண்டு போனாள்.

எனக்கு வேண்டியது இதுதானே? கிண்ணம், கரண்டி, கத்தரிக்கோல் என்று எதையாவது கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மைக் இல்லை என்று ஒரு வார்த்தை நானாவது அடித்துச் சொல்லியிருக்கலாம். நல்ல நாடகத்தில் யாராவது எழுந்து நின்று விளக்கைப் போடுவார்களா?

மறுநாள் காலையில் மொட்டை மாடியில் அவளைப் பார்த்தேன். கொடியில் துணி இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தாள். ராணி மாதிரி இருப்பாள் என்று பார்த்தால் முகம் செத்துக் கிடந்தது.

"என்னம்மா, இந்த யோகம் யாருக்குக் கிடைக்கும்? அனுபவிக்காம..."

"வரவே மாட்டேங்குதுக்கா."

"என்னது?"

"படபடப்பு." கழுத்துப் பையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்துலேருந்து ஒரு தடவைகூட வரல. வேலை இல்லை, சத்தம் இல்லை. நிம்மதியா தூங்கினேன். இப்படியே போனா நாளைக்கு ரிப்போர்ட் சுத்தமா வந்துரும். அப்புறம் பெட்டியும் போயிரும், இந்த மரியாதையும் போயிரும். வாயைத் திறந்தா 'மெஷினே சொல்லிருச்சு'ம்பாங்க. அப்புறம் எங்கம்மா மாதிரி..."

 அவளுக்கு வேண்டியது கொஞ்சநாள் மரியாதை அல்ல, உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அந்தப் படபடப்புக்கு ஒரு சாட்சி. அந்தச் சாட்சி வாய் திறக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"சண்டை இழு," என்றேன். வேறு என்ன வைத்தியம் எனக்குத் தெரியும்? "உன் மாமியார் பழைய மாதிரி நாலு வார்த்தை விட்டா, நெஞ்சு தானா படபடங்கும்."

அவளும் முயன்றாள். மதியச் சாப்பாட்டில் உப்பை அள்ளிக் கொட்டினாள். மூன்று பேரும் கண்ணில் நீர் வர வரச் சாப்பிட்டுவிட்டு, "கைப்பக்குவம்னா இதுதான்," என்று பெட்டிக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கணவரிடம், "உங்கக்கா தினமும் இங்க வந்து சாப்பிடறது எனக்குப் பிடிக்கல," என்று நேராகவே போட்டாள். அக்காவை எதிரில் வைத்துக்கொண்டு! அவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "நீ சொன்னா சரியாத்தான்மா இருக்கும்," என்றார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குத்தான் படபடவென்று வந்தது. படி ஏறி இறங்கலாம் என்று தண்ணீர் வாளியைத் தூக்கினால், பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் நானே ஒரு காகிதப் பையை ஊதி அவள் முதுகுக்குப் பின்னால் உடைத்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "என்னக்கா?" என்றாள். பயந்து வாளிமேல் விழுந்தது மாமியார்.

சாயங்காலம் ஆகிவிட்டது. விடிந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் சோபாவில் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேமராக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மாமியார் ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றாக மருமகள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்கோலைத் திருப்பி வாங்க வந்திருந்தேன். அந்த இரண்டு நாளில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

"சாப்பிடும்மா. உடம்புதான் முக்கியம். நாங்க எதுக்கு இருக்கோம்..." மாமியார் பைக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

"அத்தை," என்றாள் அவள். "படபடன்னு..."

பொத்தானை நோக்கிப் போன கை பாதியிலேயே விழுந்தது. முகம் வெள்ளைக் காகிதமாகிவிட்டது. ஆப்பிள் வாயிலிருந்து நழுவ, அவள் அப்படியே மாமியார் மடியில் சரிந்தாள்.

மாமியார் கத்தினார். மகனைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிடவில்லை. பெட்டியைப் பிடித்து வாயருகே வைத்துக்கொண்டு கத்தினார்.

"டாக்டர்! நான் ஒண்ணும் பண்ணல! ஆப்பிள்தான் குடுத்தேன்!"

கேமராக்காரர் பாய்ந்து வந்து பெட்டியைப் பிடுங்கினார். பொத்தானை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். "ஹலோ, ஹலோ, கேக்குதா? என் வொய்ஃப் மயங்கிட்டா. ரெண்டாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல, படியில வாங்க. ஓவர்." பொத்தானை விட்டார். பதில் இல்லை. மறுபடி அழுத்தினார். "ஹலோ!"

பிறகு இருவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருவார்கள் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்! அந்தப் பெண்ணின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அதுல மைக் கிடையாதுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் மேல்மாடிக் கதவுகள் திறந்தன. "ஏழு ஒயரும் நெஞ்சுக்குத்தான்! போனை எடு!"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவருடைய காலிக் கூட்டை நான் ஊரைக் கூட்டித் திறந்து காட்டியது மாதிரி இருந்தது. போனை எடுத்துத் தப்புத் தப்பாக அழுத்தினார்.  ஆம்புலன்ஸை நான்தான் கூப்பிட்டேன். நான் பேசி முடிப்பதற்குள், மாமியார் மருமகளைத் தரையில் படுக்க வைத்துக் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "கண்ணைத் தொற. அம்மாடி, கண்ணைத் தொறடி," என்று அழுதார். அந்த இரண்டு நாளில் அவர் பெட்டியைப் பார்க்காமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான். குரலும் செய்தி வாசிக்கிற குரல் இல்லை. "டி" போட்டுத்தான் கூப்பிட்டார். அவள் கண்ணைத் திறந்தாள்.

"வந்துச்சா?" என்று கேட்டாள். "பதிவாகியிருக்குமா அக்கா?"

பதிவாகியிருந்தது. டாக்டர் திரையில் காட்டினார். மலை மலையாகப் போய்க்கொண்டிருந்த கோடு, ஓர் இடத்தில் நெருக்கி நெருக்கி ஓடுகிறது; அதற்கப்புறம் மலையே இல்லை. தார் ரோடு மாதிரி நேராகப் போகிறது. பார்க்கிற எங்களுக்கே மூச்சு முட்டிய பிறகுதான் அடுத்த மலை வந்தது.

"படபடன்னு ஓடுது. ஓடி முடிச்சதும் மறுபடி கிளம்ப மறந்துடுது. அந்த நேரத்துலதான் மயக்கம்," என்றார் டாக்டர். "நல்லவேளை, சிக்கிருச்சு."

"வாயு இல்லைங்களா?" என்றார் மாமியார், கடைசி நம்பிக்கையோடு.

"இல்லைம்மா."

"டென்ஷனா இருக்குமோ?" இது நான். மாமியாரைப் பார்க்காமல்தான் கேட்டேன்.

"இல்லைங்க. இதயத்துக்குள்ள இருக்கற கரன்ட்ல கோளாறு. நீங்க கொஞ்சினாலும் வரும், திட்டினாலும் வரும்."

ஆக, ஒருத்தருடைய வைத்தியமும் சரியில்லை. என்னுடையதும் சேர்த்து. இத்தனை வருஷமாக அந்த இதயம் எங்கள் யாரையும் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அவள் மட்டும் வேறு ஒன்று கேட்டாள். "எங்கம்மாவுக்கும் இதுவா இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம். இப்ப யாராலும் சொல்ல முடியாதும்மா. உங்களுக்கு ஒரு பேஸ்மேக்கர் வெச்சா, இதயம் மறக்கும்போதெல்லாம் இது ஞாபகப்படுத்தும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.  பேசாமல் இருக்கத் தெரியாத கேமராக்காரர்தான் ஆரம்பித்தார்.

"நான்தான் டாக்டர் கரெக்டா அந்த நேரத்துல பொத்தானை அழுத்தினது."

பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண் நிமிர்ந்தாள். "சார், அதையே கேக்கணும்னு இருந்தேன். ஒரு தடவை அழுத்தினா போதுமே, ஏன் சார் அத்தனை தடவை?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இருமினேன்.

கைக்கடிகாரத்தின் முகப்பு அளவில் ஒன்றைத் தோளுக்குக் கீழே, தோலுக்குள் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். வந்த முதல் வாரம் வீடு பயந்துபோய் இருந்தது. இரண்டாவது வாரம் நாத்தனாருக்கு வாய் திரும்பிவிட்டது. மூன்றாவது வாரம் மாமியாரின் பழைய குரல் படிக்கட்டு வரை வந்தது. டீயும் பழையபடி சத்தமில்லாமல், அவள் கையால் தயாரானது. பெட்டியில் மைக் இல்லை என்பது தெரிந்துபோன பிறகு யார் யாருக்குப் பயப்பட வேண்டும்?

பிறகு ஒருநாள் அவள் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்து, படுக்கையருகே வைக்கச் சொல்லி ஒரு சின்னக் கருவியைக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். நெஞ்சில் இருப்பது அதனோடு ஒயர் இல்லாமலேயே பேசிக்கொள்ளுமாம், அது ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்புமாம். கேமராக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு விளக்கு எரிந்தது. பச்சைதான். ஆனாலும் விளக்கு.

"அந்தப் பெட்டில மைக் இல்லைதான், ஒத்துக்கறேன்," என்று அம்மாவிடம் குசுகுசுத்தார். "இது வேற மாடல். ஒயரே இல்லாம அனுப்புதுன்னா, எதை எதை அனுப்புதோ."

அன்று மதியம் மாமியார் என் வாசலுக்கு வந்தார். முதல்முறையாக, அவர் கையில் ஒரு கிண்ணம். என் கிண்ணம்தான்.

"ஏம்மா, அன்னைக்கு நீதானே அதுல மைக் இல்லைன்னு அடிச்சுச் சொன்னே. உள்ள வெச்சுத் தைச்சிருக்காங்களே, இதுல இருக்குமா?"

அவர் தோளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. ஜெராக்ஸ் பெண் நின்றுகொண்டிருந்தாள்.  அந்தத் தையல் இருக்கிற இடத்தில் லேசாகக் கையை வைத்தபடி என்னையே பார்த்தாள்.

அன்று வரை என் ஆயுளில் ஒரு விஷயம் தெரிந்தும், இன்னொருத்திக்காகச் சொல்லாமல் இருந்தது கிடையாது.

"அது பழைய பெட்டிங்க. இதைப் பத்தி எனக்கென்ன தெரியும்?" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். "பேட்டரி மட்டும் பத்து வருஷம் நிக்குமாம்."